முழங்கால் சத்திரசிகிச்சை: கையொப்பத்துக்கு முன்னர் சொல்லப்பட வேண்டியவை

முழங்காலில் சத்திரசிகிச்சை என்றதும் எம்மவர்களின் மனதில் தோன்றுவது மூட்டு மாற்று ஒன்றேயாகும். இதற்குப் பத்திரிகைகளும் ஓரளவு காரணம். இந்தியப் பிரதமராக இருந்த அடல் பிகாரி வாஜ்பாயிக்கு 2000 ஒக்டோபரில் இடது முழங்காலிலும் 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மும்பை பிரீச் கண்டி வைத்தியசாலையில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்றபோது, கொழும்பில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த நான் அச்செய்திகளை நாள்தோறும் தமிழாக்கம் செய்து வெளியிட்டேன். அவருக்குச் சத்திரசிகிச்சை செய்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத், 1970 களில் நியூயோர்க்கில் இன்றைய செயற்கை முழங்கால் மூட்டின் முன்னோடியை வடிவமைத்தவர்களில் ஒருவர். பிரதமர் எப்போது எழுந்து நடப்பார் என்பதில் வாசகர்கள் காட்டிய அக்கறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'முழங்கால் ஒப்பரேஷன்' என்றால் மூட்டு மாற்று என்பது அன்றிலிருந்து எமது மக்களின் பொது அறிவாகிவிட்டது.

எனவே, 2023 ஓகஸ்டில் எனது இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடைபெற்றதை அறிந்து தொலைபேசியில் அழைத்த நண்பர்களில் பலர், மூட்டு எந்த நாட்டுத் தயாரிப்பு என்றே விசாரித்தார்கள். ரொறன்ரோவில் இருந்து பேசிய ஒருவர் அதற்கு எத்தனை வருட உத்தரவாதம் என்றும் கேட்டார். எனது மூட்டை எவரும் மாற்றவில்லை. அது பிறக்கும்போது கொண்டுவந்த அதே மூட்டுத்தான். மாற்றப்பட்டது காலின் கோணம்.

இதைச் சற்று விளக்க வேண்டும். இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு நேர்கோடு வரைந்தால், சாதாரணமான காலில் அது முழங்காலின் நடுப்பகுதிக்கு அண்மையாகச் செல்லும். எனது கால்களைப் போன்று வெளிப்புறமாக வில்லாக வளைந்த கால்களில் அந்தக் கோடு உட்பக்கமாக விலகிவிடும். உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி முழங்காலின் உட்புறப் பாதியில் இறங்க, அங்குள்ள குருத்தெலும்பு தேய்கிறது. தேயத் தேய வளைவு கூடுகிறது. வளைவு கூடக்கூடத் தேய்வும் கூடுகிறது. வெளிப்புறப் பாதியோ பெரிய பழுதின்றி இருக்கும். பாரத்தை அந்த நல்ல பாதிக்கு மாற்றிவிடுவதே காலை நேராக்கும் சத்திரசிகிச்சையின் நோக்கம்.

இது புதிய வித்தை அல்ல. 1961 இல் பிரித்தானியாவின் ஜக்சன், வோ ஆகிய இரு வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். 1965 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த மார்க் கொவென்ட்ரி, கீழ்க்கால் எலும்பின் வெளிப்புறத்திலிருந்து ஓர் ஆப்பு வடிவத் துண்டை வெட்டியெடுத்து நேராக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். பாரக்கோடு முழங்காலின் உள்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 62 சதவீதத் தூரத்தில் செல்லும்படி அமைப்பது நல்லது என்ற கணக்கு, 1979 இல் ஜப்பானைச் சேர்ந்த புஜிசாவா குழுவினரின் ஆய்விலிருந்து வந்தது. மூட்டு மாற்று சிறப்பாக வளர்ந்ததும் இந்த முறை பின்தள்ளப்பட்டது. பின்னர் 2000 களில் திருகாணிகள் தகட்டுடன் இறுகப் பூட்டிக்கொள்ளும் புதிய வகைத் தகடுகள் வந்ததும் மீண்டும் செல்வாக்குப் பெற்றது. அறுபது வயதைத் தாண்டாத, ஒரு பக்கம் மாத்திரம் தேய்ந்த, ஓடியாடி வேலை செய்கின்றவர்களுக்கே இதைப் பொதுவாகச் சிபாரிசு செய்கிறார்கள். செயற்கை மூட்டும் காலப்போக்கில் தேயும் என்பதால் அந்தத் தேவையைப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பின்போடுவதே இலக்கு. சத்திரசிகிச்சையின்போது எனக்கு வயது 57.

நான் சொல்ல வந்த விடயம் இனித்தான் வருகிறது.

இப்போது பெரும்பாலும் கையாளப்படும் முறையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பை உட்புறத்திலிருந்து வெட்டுகிறார்கள். முற்றாக வெட்டுவதில்லை. வெளிப்புறத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் எலும்பைக் கதவுப் பிணைச்சல் போல விட்டுவிட்டு, வெட்டிய இடத்தை மெல்ல மெல்லத் திறக்கிறார்கள். எனக்கு 9 மில்லிமீற்றர் திறந்தார்கள். திறந்த இடைவெளி மூடிவிடாதிருக்கத் தகடும் திருகாணிகளும். அந்த இடைவெளியில் உடம்பு தானாகவே புதிய எலும்பை வளர்த்துக்கொள்ள வேண்டும். எனவே இந்தச் சத்திரசிகிச்சையின் வெற்றி அந்தப் பிணைச்சலில் பெரிதும் தங்கியிருக்கிறது. திறக்கும்போதோ அதன் பின்னரோ அது வெடித்துவிடுவது இந்தச் சத்திரசிகிச்சையில் அடிக்கடி நேரும் சிக்கல்களில் ஒன்று. ஜப்பானிய வைத்தியர் தாகெயுச்சியும் சகாக்களும் 2012 இல் அந்த வெடிப்பை மூன்று வகைகளாகப் பிரித்து எழுதினார்கள். முதலாவது வகை பெரும்பாலும் தொந்தரவு தராது. வெட்டுக்குக் கீழ்நோக்கி ஓடும் இரண்டாவது வகையும், மேல்நோக்கி மூட்டின் பரப்புக்குள்ளேயே ஓடும் மூன்றாவது வகையும் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தக் கூடியவை.

எனக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. இரண்டாவது வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. "சிறிய கீறல், பயப்பட வேண்டாம்" என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். ஆறு வாரங்களில் முழுப் பாரத்தையும் ஊன்றலாம் என்று சொல்லப்பட்டது பன்னிரண்டு வாரங்களாயிற்று. எலும்பு திருப்திகரமாகப் பொருந்திவிட்டது என்று எக்ஸ்ரே காட்டியபோது ஐந்து மாதங்கள் கடந்திருந்தன.

அந்த நிபுணரின் கைத்திறனில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. மிகவும் தேர்ந்த கைகளிலும் அந்த வெடிப்பு நேர்வதுண்டு. எனது முறைப்பாடு வேறு. கேள்வி கேட்பதையே மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகத் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்பதால், சத்திரசிகிச்சைக்கு முன்னர் என்னென்ன பிசகலாம் என்று நான் கேட்டேன். கிருமித்தொற்று, குருதி உறைதல் என்று இரண்டைக் கூறிவிட்டு, "அதெல்லாம் எங்கேயோ ஒருவருக்கு" என்று முடித்துக்கொண்டார். பிணைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல்நாள் மாலை கட்டிலில் இருந்தபடி நான் கையொப்பமிட்ட இரண்டு பக்கச் சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அது எந்தச் சத்திரசிகிச்சைக்கும் பொருந்தக்கூடிய பொதுப் படிவம். பித்தப்பையை அகற்றப் போகின்றவரும் அதிலேயே கையொப்பமிடலாம்.

இந்த மௌனத்தின் விலை என்னவென்பதை நான் எனது காலில் அறியவில்லை. ஊன்றுகோல்களுடன் பிஸியோதெரபிக்குச் சென்றுவந்த காலத்தில் அங்கு சந்தித்த ஒருவரின் காலில்தான் அறிந்தேன்.

வன்னியைச் சேர்ந்த விவசாயி அவர். என்னிலும் நான்கைந்து வயது மூத்தவர். வெளிநாட்டில் உள்ள மகன் அனுப்பிய பணத்தில் வேறொரு வைத்தியசாலையில் காலை நேராக்கிக்கொண்டவர். அவருக்குச் செய்யப்பட்டது ஆப்புத் துண்டை வெட்டியெடுக்கும் பழைய முறை. முழங்காலின் வெளிப்புறத்தில், சிறிய கீழ்க்கால் எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. பாதத்தை மேலே தூக்குகின்ற தசைகளுக்கான நரம்பு அது. வெளிப்புறமாக நுழைந்து செய்யும் சத்திரசிகிச்சையில் அது இழுபட்டோ நசிந்தோ போகும் ஆபத்து நீண்டகாலமாக அறியப்பட்ட ஒன்று. அந்த மனிதரின் பாதம் தொங்கிப்போயிருந்தது. காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்கும்.

அவரிடமிருந்த டயக்னோசிஸ் கார்ட்டை வாங்கிப் பார்த்தேன். நரம்பு தற்காலிகமாகச் செயலிழந்திருக்கிறது, சில மாதங்களில் திரும்பக்கூடும், பாதத்துக்குத் தாங்கு பட்டை அணிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மூன்று மாதங்களாக அதை எவரும் அவருக்கு வாசித்துக்காட்டவில்லை. தாங்கு பட்டையும் அவரிடம் இல்லை. வைத்தியரைக் கேட்கவில்லையா என்றேன். "தம்பி, இது என்ரை ஏழரைச் சனி. டொக்டரிலை குற்றம் சொல்லேலாது. நான்தான் சொல்லுக் கேளாமல் வெள்ளனவே எழும்பிக் கக்கூசுக்கு நடந்திட்டன்" என்று பதிலளித்தார்.

முன்கூட்டியே எழுந்து கழிப்பறைக்கு நடந்ததால் அந்த நரம்பு செயலிழப்பதில்லை. ஆனால், அந்த மனிதர் மூன்று மாதங்களாகத் தனது பாதத்தைத் தானே கெடுத்துக்கொண்டதாக நம்பி, மகனின் பணத்தை வீணாக்கிவிட்டேன் என்று அவனிடம் உண்மையைச் சொல்லாமலும் மறைத்துக்கொண்டிருந்தார். மகனோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் அழைத்து "அப்பா, நடந்து காட்டுங்கோ" என்று கேட்பானாம். கதிரையில் இருந்தபடியே பேசி முடிப்பாராம்.

சத்திரசிகிச்சையில் சிக்கல் ஏற்படுவது குற்றமல்ல. அதை நோயாளிக்கு முன்னரும் சொல்லாமல் பின்னரும் சொல்லாமல் விடுவதே குற்றம் என்பது எனது அபிப்பிராயம்.

இதை நான் மாத்திரம் கூறவில்லை. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் மொன்ட்கொமெரி எதிர் லனார்க்ஷயர் சுகாதார சபை வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்விடயத்தில் ஒரு மைல்கல். நீரிழிவு நோயுள்ள ஒரு தாய்க்கு, இயற்கையான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தும் வைத்தியர் அதைக் கூறவில்லை. கூறினால் பெண்கள் அனேகமாகச் சத்திரசிகிச்சை மூலமான பிரசவத்தையே கேட்பார்கள் என்பது அவரது வாதம். 1999 இல் பிறந்த குழந்தை கடும் பாதிப்புக்குள்ளானது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை வைத்தியர்களின் வழமை தீர்மானிக்க முடியாது, அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் எதை முக்கியமெனக் கருதுவாரோ அது சொல்லப்பட வேண்டும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். புரியாத தொழில்நுட்பத் தகவல்களை நோயாளியின் மீது கொட்டிவிட்டுக் கையொப்பம் வாங்குவது கடமையை நிறைவேற்றியதாகாது என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. லண்டனில் உள்ள எமது உறவினர்களுக்கு இன்று கிடைக்கும் இந்த உரிமையை, லண்டனில் இருந்து அனுப்பப்படும் பணத்தில் இங்கு சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் தாய் தந்தையர் கேட்கக்கூடாதா?

தமிழும் அரச கரும மொழியாகும் என்று 1987 இல் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் கூறுகிறது. தனியார் வைத்தியசாலையின் படிவத்தை அது கட்டுப்படுத்துமா என்பது சட்டத்தரணிகளுக்குரிய விவாதம். விளம்பரங்களையும் விலைப் பட்டியல்களையும் மும்மொழிகளிலும் அச்சிடத் தெரிந்தவர்களுக்குச் சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சிடுவது ஒரு பெரிய பாரமாக இருக்காது என்று மாத்திரம் சொல்லிவைக்கிறேன்.

வைத்தியர்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று கூறமாட்டேன். எனது பத்தியெழுத்துக்களை வாசிக்கும் வைத்தியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி எழுந்து ஓடிவிடுவார், பிறகு முறிவு வைத்தியரிடம் எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பார்" என்றார். கிளினிக் நாளில் வாசலில் காத்து நிற்கும் கூட்டத்தையும் சுட்டிக்காட்டினார். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளும் மயக்கமருந்துச் சாதனங்களும் இல்லாமல் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும், அதன் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறியதையும் நாம் அறிவோம். எஞ்சியிருப்பவர்களின் சுமை பெரியது. ஆனால், விளக்கம் முழுவதையும் நிபுணரே நேரில் இருந்து சொல்ல வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஒரு தாளில் அச்சிட்டு, சத்திரசிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டால் நோயாளி வீட்டில் இருந்து வாசிப்பார். வாசிக்க இயலாதவருக்குப் பேரப்பிள்ளை வாசித்துக்காட்டும்.

ஓடிவிடுவார்கள் என்ற அச்சத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். சொல்லப்பட்ட ஆபத்தை நோயாளி கண்டுபிடிப்பார். பன்னிரண்டாவது நாள் எனது கெண்டைக்கால் வீங்கி வலித்தபோது, குருதி உறைதல் பற்றி ஒரு வரியேனும் கேட்டிருந்தபடியால் அன்றே சென்று ஸ்கான் செய்துகொண்டேன். நல்லவேளையாக உறைவு இருக்கவில்லை. அதேநாள் காலையில் என்னைப் பார்க்க வந்திருந்த உறவினர் ஒருவர், வீக்கத்துக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசி மேல்நோக்கி உருவிவிடத் தயாராக நின்றார். அன்புக்குரிய மனிதர்தான். காலின் ஆழ்நாளத்தில் உறைவு இருந்திருந்தால் அந்த உருவலில் அது பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றிருக்கக்கூடும். திடீரென்று மூச்சு முட்டுவதும் நெஞ்சு நோவதும் அதன் அறிகுறிகள். இதைச் சொல்வதால் எவரும் ஓடிவிடப் போவதில்லை.

குணமடையும் காலத்தைப் பற்றி எமக்குத் தரப்படும் தகவல்களின் குறைபாடு இன்னொரு விதமானது. கிடைப்பவை யாவும் மேல்நாட்டுப் பிரசுரங்களின் பிரதிகள். காரில் எப்படி ஏறுவது என்று அவற்றில் படம் இருக்கிறது. முச்சக்கர வண்டிக்குள் மடியாத காலுடன் எப்படி ஏறுவது என்று எவரும் வரையவில்லை. நான் கண்டுபிடித்த வழி, முதலில் பின்பக்கமாக ஆசனத்தில் அமர்ந்து, சத்திரசிகிச்சை செய்த காலை ஆசனத்தின் மீதே நீட்டிவைத்துக் குறுக்காக இருந்து செல்வதுதான். சாரதி இரண்டு பேருக்குரிய கட்டணம் கேட்கலாம். குந்தியிருக்கும் மலசலகூடத்தைப் பற்றியும் அவற்றில் எதுவும் இல்லை. எமது கிராமங்களில் பாதிப் பேருடைய முதல் கவலையே அதுதான். கதிரையின் நடுவில் துளையிட்டு வைத்துக்கொள்வதா, கொமட் பொருத்துவதா, யார் செலவு செய்வது என்பவையெல்லாம் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டியவை. சம்மணமிட்டு இருக்க முடியுமா, கோயிலில் விழுந்து கும்பிடலாமா, கிணற்றுக்கட்டில் ஏறி நீர் அள்ளலாமா, வயலில் வரம்பு தாண்டலாமா என்ற கேள்விகளுக்குப் பதில் எந்தப் பிரசுரத்திலும் கிடையாது. மூட்டு தன்னுடையதாகவே இருப்பதால் காலப்போக்கில் இவற்றில் பலவற்றைச் செய்ய முடிகிறது. மூட்டு மாற்றைவிட இந்த முறையின் பெரிய அனுகூலமே அதுதான். நான் ஒன்பதாவது மாதத்தில் சம்மணமிட்டேன். முழந்தாளிடுவது இன்றும் வலிக்கிறது. தோலுக்கு அடியில் தகடு தடிப்பாக இருப்பதே காரணம். பலரும் ஒன்று ஒன்றரை வருடத்தில் அதைக் கழற்றிக்கொள்கிறார்கள். அதற்கு இன்னொரு தடவை மயக்கமருந்து, இன்னொரு தடவை பணம். அந்தச் செலவையும் முதலில் எவரும் கூறுவதில்லை. எனது தகடு இன்னமும் உள்ளேதான் இருக்கிறது.

தொடைத் தசையைப் பற்றியும் எழுத வேண்டும். மூன்று மாத முடிவில் எனது இடது தொடையின் சுற்றளவு வலதை விட நான்கு சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. எலும்பை உடம்பே ஒட்டிக்கொள்ளும். தசையை நாம்தான் திரும்ப வளர்க்க வேண்டும். படுத்தபடி முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்திப் பத்து எண்ணுவது, காலை நேராகத் தூக்குவது என்று பார்ப்பவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கக்கூடிய பயிற்சிகளை நாளொன்றுக்கு நான்கு தடவை செய்தேன். புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு பொருந்துவது மேலும் தாமதமாகும் என்பதை இந்த இடத்தில் குறிப்பிடுவது அவசியம். நான் அந்தப் பழக்கத்தை விட்டு வெகுகாலமாகிவிட்டது. ஆசிரிய பீடத்து நண்பர்கள் சிலருக்காகவே இதை எழுதுகிறேன், அவர்களுக்குத் தெரியும்.

பிஸியோதெரபிஸ்ட்டான அந்த இளம் பெண்ணும் நானும் சேர்ந்து இவற்றையெல்லாம் தமிழில் இரண்டு பக்கங்களுக்கு எழுதினோம். வன்னி விவசாயிக்குத் தாங்கு பட்டையை ஏற்பாடு செய்துகொடுத்தவரும் அவரே. மகனிடம் உண்மையைச் சொல்லும்படி நான் வற்புறுத்தினேன். சொன்னாராம். மகன் கோபிக்கவில்லை, ஏன் இவ்வளவு நாளும் மறைத்தீர்கள் என்று அழுதானாம்.

ஏழாவது மாதத்தில் அவருடைய பெருவிரல் அசையத் தொடங்கியது. பிறகு பாதமும் மெல்ல மெல்ல மேலெழுந்தது. கடந்த முறை தொலைபேசியில் பேசியபோது வயலுக்குப் போய் வருவதாகக் கூறினார். ஒன்பது சனிக்கிழமைகள் தொடர்ந்து கோயிலில் எள்ளெண்ணெய் எரித்ததன் பலன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. எனது எலும்புக் கீறலுக்காக எனது நட்சத்திரத்தையும் கேட்டு வைத்துக்கொண்டார்.